வகுப்பில் காட்டும் படம் பாடமாகிறதா, வேடிக்கையோடு போய்விடுகிறதா?

வாசகர் கேள்வி, ஜூன் 14

பாடம் முழுவதையும் இப்போது ஸ்மார்ட் போர்டில் படங்களாகத்தான் நடத்துகிறேன். வகுப்பு அமைதியாகப் பார்க்கிறது, பிள்ளைகளுக்குப் பிடித்தும் இருக்கிறது. ஆனால் மறுநாள் கேட்டால் பாதிப் பேருக்கு ஒன்றும் நினைவில்லை. கரும்பலகையில் கோணலும் மாணலுமாக வரைந்து நடத்திய காலத்தில் இதைவிட நன்றாகச் சொன்னார்கள். டிஜிட்டல் படங்களால் உண்மையிலேயே பயன் உண்டா?

ஜூன் 14, இரவு 9.10

பயன் உண்டு. ஆனால் படம் தானாகப் பாடம் நடத்தாது. இதை நான் தெரிந்துகொண்டது இதயம் பற்றிய பாடத்தில்.

ஏழாம் வகுப்புக்கு ரத்த ஓட்டம் நடத்த வேண்டியிருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து படங்கள் சேர்த்தேன். இதயத்தின் குறுக்குவெட்டு, நுரையீரல், தமனி, சிரை என்று எல்லாம் பளிச்சென்று இருந்தன. வகுப்பு நன்றாகப் போனது என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரத் தேர்வில், ஆக்சிஜன் குறைந்த ரத்தம் எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு ஏகப்பட்ட பேர் "நீல நிறமாக இருக்கும்" என்று எழுதியிருந்தார்கள்.

அவர்கள் மீது தவறே இல்லை. நான் காட்டிய ஒவ்வொரு படத்திலும் சிரை நீலமாகத்தான் இருந்தது. ஆக்சிஜன் குறைந்த ரத்தமும் சிவப்புதான், கொஞ்சம் அடர்ந்த சிவப்பு. தோலுக்கு அடியில் ஓடும் சிரை நீலமாகத் தெரிவது, ஒளி தோலுக்குள் போய்த் திரும்பும் விதத்தால். இரண்டு வகை ரத்தத்தையும் பிரித்துக்காட்ட வரைந்தவர் இரண்டு வண்ணம் வைத்தார். அதை நான் ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஆகவே படம் கற்பிக்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. நான் பேசியதைவிட அழுத்தமாகக் கற்பித்தது. எதைக் கற்பிக்கிறது என்று நான்தான் பார்க்கவில்லை.

ஜூன் 14, இரவு 10.35

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். ஒரு பாடவேளையில் எத்தனை படம் காட்டுகிறீர்கள்? நாளைக்கு எண்ணிப் பாருங்கள். அந்த இதயப் பாடத்தில் நாற்பது நிமிடத்துக்கு நாற்பதுக்கும் மேல் ஸ்லைடுகள் வைத்திருந்தேன். ஒரு படத்துக்கு ஒரு நிமிடம்கூட இல்லை.

கரும்பலகைப் படம் நினைவில் நின்றதற்குக் காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் ஒவ்வொரு கோடாக வரைந்தீர்கள், பிள்ளைகளின் கண்ணும் கோட்டோடு கூடவே போனது. எது முதலில், எது அப்புறம் என்ற வரிசை அந்த வரைதலிலேயே இருந்தது. ஸ்மார்ட் போர்டில் படம் ஒரே நொடியில் முழுதாக வந்து விழுகிறது. எங்கிருந்து பார்ப்பது என்றே தெரியாது.

ஜூன் 16

ஒரே படத்தை வைத்து ஒரு பாடவேளை முழுதும் நடத்த முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடத்தியிருக்கிறேன். விவரமாகவே சொல்கிறேன்.

படம்: 1972 டிசம்பர் 7 அன்று அப்பல்லோ 17 விண்கலத்திலிருந்து எடுத்த முழுப் பூமி. எல்லோரும் எங்கேயாவது பார்த்திருக்கும் படம். அதனாலேயே யாரும் சரியாகப் பார்க்காத படம்.

முதல் இரண்டு நிமிடம் யாரும் பேசக்கூடாது, நானும் உட்பட. பார்க்க மட்டும் வேண்டும். இது மிகவும் கஷ்டம், எனக்கும்தான். அப்புறம் மூன்றே கேள்விகள். இதில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்னவெல்லாம் தெரிகிறது? இந்தக் கேள்விகள் என்னுடையவை அல்ல. கலைப் படைப்புகளைப் பார்க்கப் பழக்குவதற்காக அபிகெய்ல் ஹவுசன், பிலிப் யெனவைன் இருவரும் உருவாக்கிய முறையில் வருபவை. அறிவியல் வகுப்புக்கும் அப்படியே பொருந்துகின்றன. இரண்டாவது கேள்விதான் உயிர். ஊகித்துச் சொன்ன பிள்ளையும் அந்தக் கேள்வி வந்ததும் மறுபடி படத்தைப் பார்க்கிறது.

முதலில் ஆப்பிரிக்காவைக் கண்டுபிடித்தார்கள். அப்புறம் அரேபியத் தீபகற்பம், மடகாஸ்கர். கீழே வெள்ளையாக இருப்பது மேகமா பனியா என்று ஒரு சண்டை நடந்தது. அண்டார்க்டிகா என்று முடிவானதும் ஒரு மாணவி கேட்டாள்: "அங்கே ஆறு மாசம் ராத்திரின்னு படிச்சோமே, இதுல முழுக்க வெளிச்சமா இருக்கே?" எந்த மாதத்தில் எடுத்திருப்பார்கள் என்று திருப்பிக் கேட்டேன். அவர்களே பேசிப் பேசி, தென் துருவத்துக்குக் கோடைகாலம், அப்படியானால் டிசம்பரை ஒட்டி இருக்க வேண்டும் என்று வந்து சேர்ந்தார்கள். தேதியை அதற்குப் பிறகுதான் சொன்னேன். வகுப்பில் எழுந்த சத்தத்தை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது.

நட்சத்திரங்கள் ஏன் இல்லை என்று இன்னொருவன் கேட்டான். வெயிலில் ஒளிரும் பூமி அளவாகத் தெரிய வேண்டுமென்றால் கேமராவுக்குள் மிகக் குறைந்த நேரமே ஒளியை விட வேண்டும். அந்த நேரத்தில் நட்சத்திரங்களின் மங்கலான ஒளி பதிவாகாது. பாடத்திட்டத்தில் இது எங்கேயும் இல்லை, ஆனால் ஒளியைப் பற்றிய நல்ல பாடம். படத்தின் வலது மேல் ஓரத்தில் ஒரு சுழலும் தெரியும். படம் எடுப்பதற்கு இரண்டு நாள் முன்னால் தமிழ்நாட்டைத் தாக்கிய புயல் அது.

கடைசியில் படத்தைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினேன். ஃபிலிமில் அது அப்படித்தான் விழுந்திருந்தது. தெற்கு மேலே. வெளியிட்டபோது நமக்குப் பழகிய விதத்தில் திருப்பிவிட்டார்கள். "அங்கே மேலே கீழேன்னு ஏது சார்?" என்றான் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன். அதுவரை அவன் என் வகுப்பில் வாய் திறந்ததில்லை.

ஜூன் 17

பாடத்திட்டத்தை முடிக்க வேண்டாமா, ஒரு படத்துக்கு ஒரு பாடவேளை எப்படிக் கட்டுப்படியாகும் என்று ஒருவர் கோபமாகவே கேட்டிருக்கிறார். நியாயம்தான். நேற்றைய குறிப்பைப் படித்தால் தினமும் அப்படி நடத்துகிறேன் என்று தோன்றும். இல்லை. மாதம் ஒன்று அல்லது இரண்டு. மற்ற நாட்களில் ஒரு பாடவேளைக்கு மூன்று படம், அதிகம் போனால் நான்கு.

எதை வைப்பது, எதை எடுப்பது என்பதற்கு எனக்கு ஒரே சோதனைதான். அந்தப் படத்தை எடுத்துவிட்டால் பாடத்தில் ஏதாவது குறையுமா? குறையாது என்றால் அது அலங்காரம். அலங்காரத்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன், நஷ்டம் உண்டு. படமும் சொல்லும் சேர்ந்து எப்படிக் கற்பிக்கின்றன என்பதைப் பல ஆண்டுகள் சோதனைகளாகச் செய்து பார்த்தவர் ரிச்சர்ட் மேயர். சொல் மட்டும் இருப்பதைவிடச் சொல்லும் பொருத்தமான படமும் சேர்ந்தால் நன்றாகப் புரிகிறது. சுவாரசியமாக இருக்கிறதே என்று பாடத்துக்குச் சம்பந்தமில்லாததைச் சேர்த்தால் புரிதல் குறைகிறது. அவருடைய சோதனைகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு இது.

என் ஒளிச்சேர்க்கை ஸ்லைடில் கண்ணும் வாயும் வைத்துச் சிரிக்கும் ஓர் இலை இருந்தது. மறுநாள் என்ன நினைவிருக்கிறது என்று கேட்டேன். இலை சிரித்தது நினைவிருந்தது. கார்பன் டை ஆக்சைடு எந்த வழியாக உள்ளே போனது என்று ஒருவருக்கும் நினைவில்லை. அன்றே அந்த இலையை எடுத்துவிட்டேன்.

ஜூன் 19

பெயர்க்குறிப்புகள் பற்றி. முதலில் நான் ஒரு முடிவோடு இருந்தேன்: படத்தில் எழுத்தே இருக்கக்கூடாது, எழுத்து இருந்தால் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்க்கமாட்டார்கள். அதனால் கண்ணின் குறுக்குவெட்டுப் படத்திலிருந்து பெயர்களை எல்லாம் அழித்துவிட்டு 1, 2, 3 என்று எண் போட்டு, கீழே பட்டியல் கொடுத்தேன்.

அது சரியாக வரவில்லை. பிள்ளைகளின் தலையைக் கவனித்தேன். மேலே பார்க்கிறார்கள், கீழே பார்க்கிறார்கள், மறுபடி மேலே. 4 எது, விழித்திரையா லென்ஸா என்று தேடுவதிலேயே நேரம் போய்விட்டது. படம் ஓரிடத்தில், விளக்கம் வேறிடத்தில் என்று வைத்தால் இரண்டையும் இணைக்கிற வேலையே மனதின் சக்தியை எடுத்துக்கொள்கிறது.

இப்போது ஒரே படத்தை இரண்டு பிரதியாக வைத்திருக்கிறேன். முதல் பிரதியில் எழுத்தே கிடையாது, அதைப் பார்த்து அவர்கள் பேசுவார்கள். இரண்டாவதில் ஒவ்வொரு பெயரும் அந்தந்த உறுப்பை ஒட்டியே இருக்கும், எண்ணும் கிடையாது, பட்டியலும் கிடையாது. பாடப்புத்தகத்தில் அச்சான படத்தை இப்படி மாற்ற முடியாது. டிஜிட்டல் படத்தின் உண்மையான வசதி இதில்தான் இருக்கிறது. அழிக்கலாம், ஒரு பகுதியை மட்டும் வெட்டிக் காட்டலாம், மற்றதை மங்கலாக்கலாம், பழையபடி கொண்டுவரலாம். பளபளப்பைவிட இதற்காகத்தான் நான் ஸ்மார்ட் போர்டை மதிக்கிறேன்.

ஜூன் 21

அளவு. இதைப் பற்றி எழுத ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

சூரியக் குடும்பம் என்று தேடினால் வருகிற படங்களில் கோள்கள் எல்லாம் ஒரு வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். நிலவு பூமியின் தோளில் உட்கார்ந்திருக்கும். பூமிக்கும் நிலவுக்கும் நடுவே எத்தனை பூமிகளை அடுக்கலாம் என்று கேட்டால், படத்தைப் பார்த்த பிள்ளைகள் ஒன்று, இரண்டு, மிஞ்சினால் ஐந்து என்பார்கள். உண்மையில் முப்பது. நிலவின் சராசரித் தூரம் 3,84,400 கி.மீ., பூமியின் விட்டம் 12,742 கி.மீ., வகுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பூமியை 1 செ.மீ. கோலிக்குண்டாக வைத்தால் நிலவு மூன்று மி.மீ.கூட இருக்காது, அது நிற்பது 30 செ.மீ. தள்ளி. பென்சில் பெட்டியில் இருக்கிற ஸ்கேலின் நீளம். சூரியன் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் பெரிய உருண்டை, நிற்கிற இடம் 100 மீட்டர் தள்ளி.

படத்தைக் காட்டிவிட்டு உடனே ஸ்கேலை எடுக்கச் சொன்னேன். படம் தவறு என்று சொல்லவில்லை. ஒரு திரையில் எல்லாவற்றையும் அடக்க வேண்டுமென்றால் தூரத்தை வரைந்தவர் சுருக்கத்தான் வேண்டும். சுருக்கியிருக்கிறார் என்பது பார்க்கிற பிள்ளைக்குத் தெரிந்தால் போதும்.

இதைவிட மோசமான விளைவு பருவகாலப் படத்தில். பூமியின் பாதையைச் சாய்வாகப் பார்க்கிற மாதிரி வரைவதால் அது நீண்ட முட்டை வடிவில் தெரியும். உடனே மனதில் பதிவது: சூரியனுக்கு அருகில் வந்தால் கோடை, விலகினால் குளிர்காலம். உண்மையில் பாதை கிட்டத்தட்ட வட்டம். மிக அருகில் வரும்போது சுமார் 14.7 கோடி கி.மீ., மிக விலகும்போது 15.2 கோடி. அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில், வட அரைக்கோளத்தின் குளிர்காலத்தில். இந்தத் தேதியைச் சொன்னாலே போதும், முட்டைப் பாதை விளக்கம் நிற்காது. அச்சின் சாய்வைப் பற்றிப் பேச அதற்குப் பிறகுதான் வழி பிறக்கும்.

ஜூன் 22

திருத்தம். நேற்று சூரியன் 100 மீட்டர் தள்ளி என்று எழுதினேன். நினைவிலிருந்து எழுதியது. 15 கோடியை 12,742 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 11,770 வருகிறது, அதாவது 117 மீட்டருக்கும் சற்று மேல். விளையாட்டுத் திடலில் அளந்து நிற்கவைப்பவர்கள் இதையே எடுத்துக்கொள்ளுங்கள். அதே கணக்கில் நெப்டியூன் மூன்றரை கி.மீ. தள்ளிப் போய்விடும்.

ஜூன் 25

வண்ணம் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கருந்துளையின் முதல் படத்தை வகுப்பில் காட்டினேன். 2019 ஏப்ரல் 10 அன்று வெளியானது, சுமார் 5.5 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கும் எம்87 விண்மீன் மண்டலத்தின் நடுவில் இருப்பது. அந்த ஆரஞ்சு வளையத்தைப் பார்த்ததும், நெருப்பா என்று கேட்டார்கள். இல்லை, ரேடியோ அலைகளில் எடுத்த படம், ரேடியோ அலைக்குக் கண்ணுக்குத் தெரிகிற நிறமே கிடையாது, ஆரஞ்சைத் தேர்ந்தெடுத்தது மனிதர்கள் என்றேன். அதோடு ஹபிள் தொலைநோக்கியின் 1995ஆம் ஆண்டுப் படத்தையும் காட்டினேன், தூண்தூணாக வாயு மேகங்கள் நிற்குமே, அது. அதில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று வண்ணம் கொடுத்திருக்கிறார்கள். கொரோனா வைரஸின் சாம்பல் உருண்டையும் சிவப்பு முட்களும் கொண்ட படம் 2020இல் எல்லா இடத்திலும் வந்தது. அதுவும் ஓவியர்கள் உருவாக்கியது. வைரஸ் சுமார் 100 நானோமீட்டர், நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ 400 நானோமீட்டரிலிருந்துதான் தொடங்குகிறது. அவ்வளவு சிறியதற்கு நிறம் என்று ஒன்று இல்லை.

"அப்போ எல்லாம் பொய்ப்படமா சார்?" என்றான் ஒருவன். மணி அடிக்கப் போகிற நேரம். அவசரத்தில், "ஒரு வகையில் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டேன். அது சரியான பதில் இல்லை. அன்று இரவு முழுக்க அது மனதை உறுத்தியது. பொய் என்று ஓர் ஆசிரியர் சொன்னால், நாளைக்கு அந்தப் பிள்ளை எந்த அறிவியல் படத்தையும் நம்பாது.

மறுநாள் வகுப்பைத் தொடங்கியதே அதிலிருந்துதான். மழை வரைபடம் ஒன்றைப் போட்டேன். அதிக மழை பெய்த இடம் அடர்நீலம், குறைந்த இடம் வெளிர்நீலம். இந்த நிலம் நீலமாகவா இருக்கும் என்று கேட்டேன். சிரித்தார்கள். பிறகு பொய்யா என்று கேட்டேன். இல்லை, அது அளவைக் காட்டுகிற குறியீடு என்று அவர்களே சொன்னார்கள். முந்தைய நாள் படங்களும் அப்படித்தான், அளந்தது உண்மை, நிறம் அளவுக்கு வைத்த அடையாளம் என்று முடித்தேன். நேற்று நான் சொன்னது தவறு என்றும் சொன்னேன். இந்த வரைபடத்தை முதலில் காட்டிவிட்டு அதற்கப்புறம் விண்வெளிப் படங்களுக்குப் போயிருக்க வேண்டும். இப்போது அந்த வரிசையில்தான் நடத்துகிறேன்.

ஜூன் 26

வண்ணத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது. என் வகுப்பில் ஒரு மாணவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. அவன் அதைச் சொல்லவே இல்லை. வரைபடக் கேள்விகளில் மட்டும் தொடர்ந்து மதிப்பெண் குறைந்தது. கவனக்குறைவு என்று இரண்டு மாதம் நினைத்திருந்தேன். அந்த இரண்டு மாதத்துக்காக இன்றும் வருந்துகிறேன்.

இது அபூர்வம் இல்லை. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு இந்தக் குறை உண்டு, பெண்களுக்கு மிகக் குறைவு. நிறத்தை மட்டும் நம்பிப் படம் போடாதீர்கள். கோடு, புள்ளி, எழுத்து என்று இன்னோர் அடையாளமும் சேர்த்து வையுங்கள். கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், அப்போதும் புரிந்தால் அந்தப் படம் சரி.

ஜூன் 27

பார்வை மிகக் குறைந்த பிள்ளை வகுப்பில் இருந்தால் என்ன செய்வது என்று கேட்டவருக்கு: படத்தை வாயால் சொல்லுங்கள். "இதோ பாருங்கள், இங்கே, அங்கே" என்று கை காட்டுவதை விட்டுவிட்டு, "இடது மேல் மூலையில் ஒரு பெரிய வட்டம், அதிலிருந்து இரண்டு குழாய்கள் கீழே இறங்குகின்றன" என்று சொல்லிப் பழகினேன். ஒரு பிள்ளைக்காகத் தொடங்கியது, வகுப்பு முழுவதற்கும் புரிதலைக் கூட்டியது. சொல்லத் தொடங்கினால்தான் நமக்கே படத்தில் எது முக்கியம் என்று தெரிகிறது. இப்போது பிள்ளைகளிடமே அந்த வேலையைக் கொடுக்கிறேன். ஒருவர் திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொள்வார், இன்னொருவர் படத்தைச் சொல்லச் சொல்ல அவர் வரைய வேண்டும்.

ஜூலை 1

இதுவரை நாம் காட்டுகிற படங்களைப் பற்றியே பேசிவிட்டோம். பிள்ளைகள் எடுக்கிற படம் தனி விஷயம்.

அவரை விதை முளைப்பதைப் பத்து நாள் படமெடுக்கச் சொன்னேன். முதல் தடவை ஒன்றும் தேறவில்லை. ஒரு நாள் மேலிருந்து, ஒரு நாள் பக்கத்திலிருந்து, ஒரு நாள் மிக அருகிலிருந்து எடுத்திருந்தார்கள். ஐந்தாம் நாளைவிட ஆறாம் நாள் செடி சின்னதாகத் தெரிந்தது. ஏன் என்று அவர்களே விவாதித்தார்கள். இரண்டாம் தடவை, கேமராவை வைக்கிற இடத்தைத் தரையில் குறித்துக்கொண்டார்கள். செடிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை நிறுத்தினார்கள். ஸ்கேல் வைக்கலாம் என்பது ஒரு மாணவியின் யோசனை, நான் சொல்லவில்லை. பத்துப் படங்களையும் வரிசையாக ஓட்டியபோது செடி எழுந்து நின்றது. படத்தை அளவீடாக்குவது என்றால் என்ன என்பதை அந்தப் பிள்ளைகள் இனி மறக்கமாட்டார்கள்.

கண்ணால் பார்க்க முடியாத வேகத்தைப் படம் நிறுத்திக் காட்டுவதும் இதே சேர்த்திதான். ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையைவிட்டு எழுகின்றனவா என்ற கேள்விக்கு 1878இல் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக் கலைஞர் வரிசையாகக் கேமராக்களை வைத்துப் பதில் கண்டார். எழுகின்றன. ஆனால் ஓவியர்கள் வரைந்துவந்தபடி கால்களை முன்னும் பின்னும் நீட்டியிருக்கும்போது இல்லை, வயிற்றுக்குக் கீழே மடக்கியிருக்கும்போது. இப்போது போனிலேயே ஸ்லோ மோஷன் இருக்கிறது. பந்து தரையில் மோதுகிற கணத்தை எடுக்கச் சொல்லுங்கள், அது நசுங்குவதைப் பார்த்து வியந்துபோவார்கள்.

ஒரு கண்டிப்பு மட்டும்: மற்ற பிள்ளைகளின் முகம் எந்தப் படத்திலும் வரக்கூடாது.

ஜூலை 3

படங்களை எங்கே எடுப்பது? நாசாவின் படங்களில் பெரும்பாலானவற்றைக் கல்விக்குத் தடையில்லாமல் பயன்படுத்தலாம். 2004இல் தொடங்கிய இலவசப் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் ஒவ்வொரு படத்தின் கீழும் யார் எடுத்தது, என்ன உரிமம் என்று இருக்கும். மற்றவர்களும் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்றால் பெரும்பாலும் எடுத்தவர் பெயரைப் போட வேண்டும். நான் ஸ்லைடின் அடியில் பெயரைப் போடத் தொடங்கிய பிறகு பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள். படம் என்பது யாரோ ஒருவர், ஏதோ ஒரு நாளில் செய்த வேலை என்பது அதனால் புரிகிறது.

ஜூலை 6

செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் படங்கள் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும்.

ஒரு மாதத்துக்கு முன் எறும்பின் உடல் அமைப்புக்கு அவசரமாக ஒரு படம் தேவைப்பட்டது. அப்படி ஒரு செயலியில் கேட்டு வாங்கினேன். அழகாக இருந்தது, ஒவ்வொரு மயிர்க்காலும் தெரிந்தது. திரையில் போட்டு ஒரு நிமிடம் ஆகியிருக்காது, முன்வரிசையிலிருந்து ஒரு சிறுமி, "இதுக்கு எட்டுக் கால் இருக்கு" என்றாள். எண்ணினேன். எட்டுதான். பூச்சிக்கு ஆறு கால் என்று அந்த வாரம்தான் நடத்தியிருந்தேன்.

அந்தச் சிறுமியை நிறையப் பாராட்டினேன். ஆனால் அவள் எண்ணாமல் இருந்திருந்தால் முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அதை நோட்டில் வரைந்திருப்பார்கள். அன்றிலிருந்து, உண்மையான உயிரினத்தையோ உறுப்பையோ காட்ட வேண்டிய இடத்தில் இவ்வகைப் படத்தை வைப்பதில்லை. ஒளிப்படம் எறும்பிலிருந்து வந்தது. இந்தப் படம் எந்த எறும்பிலிருந்தும் வரவில்லை. கற்பனைக் கதைக்கு, எழுத்துப் பயிற்சிக்குத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

ஜூலை 7

நேற்றுச் சொன்னதில் ஒரு சிறு மாற்றம். தவறு கண்டுபிடிக்கிற பயிற்சிக்கு அந்த எட்டுக்கால் எறும்பை இப்போது வேண்டுமென்றே காட்டுகிறேன். பக்கத்தில் உண்மையான எறும்பின் ஒளிப்படம், இரண்டிலும் எத்தனை வேறுபாடு என்று கேள்வி. காலோடு நிற்காமல் உணர்கொம்பின் மடிப்பு, இடுப்பின் கணு வரை போகிறார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டுக் காட்டுவதால் எனக்கு இதில் மனத்தடை இல்லை.

ஜூலை 9

பெரிதாக்கிக் காட்டினால் எல்லாம் தெரியுமே என்று எழுதியவருக்கு. எவ்வளவு பதிவாகியிருக்கிறதோ அவ்வளவுதான் தெரியும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்குப் பிடித்த வழி, முதல் டிஜிட்டல் படம். 1957இல் ரஸ்ஸல் கிர்ஷ் என்ற பொறியாளர் தன் மூன்று மாதக் குழந்தையின் புகைப்படத்தைக் கணினிக்குள் ஏற்றினார். பக்கத்துக்கு 176 பிக்சல், மொத்தம் 30,976 கட்டங்கள். கட்டம் போட்ட தாளில் 16க்கு 16 கட்டம் எடுத்து, கறுப்பு வெள்ளை மட்டும் வைத்து ஒரு முகம் வரையச் சொல்வேன். கண்ணுக்கு எத்தனை கட்டம் ஒதுக்குவது என்று திணறுவார்கள். பிக்சல் என்பது அப்போது கையில் படுகிறது.

அதற்குப் பிறகு, 1990 பிப்ரவரி 14 அன்று வாயேஜர் 1 விண்கலம் சுமார் 600 கோடி கி.மீ. தூரத்திலிருந்து எடுத்த பூமியின் படத்தைப் போடுவேன். அதில் பூமி ஒரு பிக்சல்கூட இல்லை. பெரிதாக்குங்கள், கண்டங்கள் தெரிகின்றனவா பாருங்கள் என்பேன். பெரிதாக்கப் பெரிதாக்க ஒரு மங்கலான சதுரம்தான் வரும்.

ஜூலை 13

கேள்வி கேட்ட நண்பர் மூன்று படத்தோடு நடத்திப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். மறுநாள் கூடுதல் பேர் பதில் சொன்னார்களாம். மகிழ்ச்சி. ஒன்று மட்டும் சேருங்கள்: கடைசி ஐந்து நிமிடம் திரையை அணைத்துவிட்டு, பார்த்ததை நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். பிறகு திரையைப் போட்டு அவர்களே ஒப்பிட்டுத் திருத்தட்டும். கரும்பலகைக் காலத்துக் கோடு அப்போது திரும்ப வருகிறது, இந்தமுறை அவர்கள் கையிலிருந்து.

நேற்று வகுப்பில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். பால்வெளி மண்டலம் பாடம். நான் ஆறேழு ஆண்டுகளாக வைத்திருக்கிற படம், சுருள் சுருளான கைகளோடு முழுச் சக்கரமாக இருக்கும். நம் சூரியன் இருக்கும் இடத்தில் ஓர் அம்புக்குறி. இப்போதெல்லாம் படம் வந்ததும் நான் கேட்காமலே அவர்கள் கேள்விகளைத் தொடங்கிவிடுகிறார்கள். நிறம் உண்மையா? அளவு உண்மையா? யார் எடுத்தது? அப்போது ஒரு மாணவன் எழுந்து, "நாம இதுக்கு உள்ளதானே இருக்கோம். எடுத்தவங்க எங்க நின்னு எடுத்தாங்க?" என்றான்.

நான் படத்தைப் பார்த்தேன். குறுக்களவு ஏறத்தாழ ஒரு லட்சம் ஒளியாண்டு. மனிதர்கள் அனுப்பியதிலேயே மிக அதிக தூரம் போயிருக்கும் வாயேஜர் 1, 1977இல் கிளம்பி இன்றுவரை ஏறக்குறைய ஓர் ஒளிநாள், அதாவது ஒளி ஒரே நாளில் போகிற தூரம்தான் கடந்திருக்கிறது. வெளியே போய்த் திரும்பிப் பார்த்த கேமரா எதுவும் இல்லை. உள்ளிருந்து அளந்த அளவுகளை வைத்து ஓவியர் வரைந்த படம் அது. இத்தனை ஆண்டுகளாக ஒரு தடவைகூட அதை நான் சொன்னதில்லை.

கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டினேன். அந்தப் பையன் ஸ்லைடின் அடியில் "ஓவியம்" என்று எழுதலாமா என்று கேட்டான். வந்து எழுதச் சொன்னேன்.